குரைக்கும் நாயும் கேரன் பிரையரின் எட்டு வழிகளும்

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தை அடுத்த தெருக்களில் குடியிருப்பவர்களுக்கு இரவு, பகல் என்ற பிரிவு அவ்வளவு கறாரானதன்று. சிப்காட் தொழிற்பேட்டையில் ஆலைகள் மூன்று ஷிப்டுகளாக இயங்குகின்றன. ஒரு வீட்டார் சாப்பிட்டுப் படுக்கும் நேரத்தில் அடுத்த வீட்டார் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பார்கள். இத்தகைய தெருவில் தூக்கம் என்பது விலைமதிப்புள்ள பொருள். அந்தத் தூக்கத்தை எங்கள் எதிர்வீட்டு நாய் மணி சென்ற ஆண்டு முழுவதும் கெடுத்து வந்தது.

மணி ஒரு செவலை நிற நாட்டு நாய். வாயிற்கதவை ஒட்டி, இரண்டு முழச் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தது. இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விட்டு விட்டு விடியும் வரை குரைக்கும். என் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் இரண்டு தொழிலாளித் தம்பிகள், “சார், மெஷின் முன்னால் கண் சொருகுகிறது; என்றைக்காவது கை போய்விடும்” என்றார்கள். நாய்க்குரிய அண்ணன் எல்லா வழிகளையும் பார்த்துவிட்டார்: அதட்டினார், தண்ணீர் ஊற்றினார், குச்சியால் அடித்தார். கடைசியாக ஒருநாள், “ஞாயிற்றுக்கிழமை சாக்கில் போட்டுக்கொண்டு போய் எளாவூர் தாண்டி விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் சார்” என்றார். கட்டிப்போட்டு வளர்த்த நாயை நெடுஞ்சாலை ஓரத்தில் விட்டால் என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். லாரிகளை அறியாத நாய் அங்கே ஒரு வாரம் தாங்காது.

அவரிடம் ஒரு மாதத் தவணை கேட்டு வாங்கினேன். அந்த ஒரு மாதத்தில் நான் நம்பியிருந்தது ஒரு புத்தகத்தை. அமெரிக்கரான கேரன் பிரையர் எழுதி 1984-இல் வெளிவந்த ‘டோன்ட் ஷூட் தி டாக்’ என்ற நூல் அது. ‘நாயைச் சுட்டுவிடாதீர்கள்’ என்று தமிழில் சொல்லலாம். இந்நூலைப் பற்றி இங்கே சொல்லப்போவது ஒரு பௌதிக ஆசிரியனின் மதிப்பீடு. நூலின் தத்துவம் சரியானது என்று கருதுகிறேன். ஆனால் நாய் குரைப்பதைப் பற்றி அது தரும் விளக்கத்தில் ஒரு முக்கியமான காரணம் விடுபட்டிருக்கிறது. எங்கள் ஊர் போன்ற இடங்களில் அந்த விடுபட்ட காரணமே பெரிய காரணம்.

தலைப்பைப் பார்த்து இது நாய் வளர்ப்புப் புத்தகம் என்று எண்ணிவிட வேண்டாம். பிரையர் தம் தொழிலைக் கற்றது டால்பின்களிடம். 1960-களில் ஹவாய்த் தீவில் ‘ஸீ லைஃப் பார்க்’ என்னும் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் டால்பின் பயிற்சிக்குத் தலைமை வகித்தவர் அவர். டால்பினுக்குக் கழுத்துப்பட்டை மாட்ட முடியாது; சாட்டையால் அடிக்க முடியாது. கோபத்தைக் காட்டினால் அது நீந்தி எதிர்க்கரைக்குப் போய்விடும். ஆகவே அதைப் பழக்க வேண்டுமானால், அது தானாக ஒன்றைச் செய்யும் தருணத்தில், செய்தது சரி என்று ஒரு விசில் ஒலியால் தெரிவித்து, உடனே மீன் கொடுக்க வேண்டும். இந்த முறையில் அவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: இதுவரை செய்யாத புதிய வித்தை எதையாவது செய்தால்தான் மீன் என்று விதி வைத்தபோது, அந்த விதியையே டால்பின் புரிந்துகொண்டு நாளுக்கொரு புது வித்தை காட்டத் தொடங்கியது. இதைப் பிரையரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1969-இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டனர்.

இதற்கு அடிப்படையான கருத்து பிரையருடையதன்று. பரிசு தொடர்ந்து வரும் செயல் மிகும். பயன் தராத செயல் குறையும் என்பதைப் பெட்டிக்குள் அடைத்த பூனைகளைக் கொண்டு தார்ன்டைக் 1898-இலேயே காட்டினார். ஸ்கின்னர் அதை எலிகளிடமும் புறாக்களிடமும் அளந்து ஒரு துறையாக வளர்த்தார். நம் மாணவர்களுக்கு அதிகம் தெரிந்த பெயர் பாவ்லோவ். மணியடித்ததும் எச்சில் ஊறிய நாயின் கதையைப் பாடப்புத்தகம் விடாது. (பாவ்லோவ் தம் சோதனைகளில் மணியைவிட மெட்ரோனோம் என்னும் தாளக் கருவியையே அதிகமாகப் பயன்படுத்தினார். அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் இதற்காக அன்று. செரிமானம் பற்றிய ஆய்வுக்காக, 1904-இல்.) பாவ்லோவின் நாய் எச்சிலைத் தன் விருப்பப்படி ஊறச் செய்யவில்லை. குரைப்பது அப்படிப்பட்டதன்று, நாய் ‘செய்யும்’ செயல் அது. ஆகவே நமக்கு இங்கே வேண்டியவர்கள் தார்ன்டைக்கும் ஸ்கின்னரும்.

ஒரு செயலை மிகுவிக்கும் விளைவை ‘வலுவூட்டி’ என்பர். இங்கே என் மாணவர் ஒருவர் எழுப்பிய ஐயத்தைச் சொல்ல வேண்டும். “வலுவூட்டி என்றால் என்ன? செயலை மிகுவிப்பது. செயல் ஏன் மிகுந்தது? வலுவூட்டி கிடைத்ததால். இது சுற்றி வளைத்துச் சொல்வதல்லவா?” நல்ல கேள்வி. நியூட்டனின் விதியில் விசைக்கு இதே குற்றத்தைச் சாட்டியவர்கள் உண்டு. முடுக்கத்தைக் கொண்டு விசையை அறிகிறோம். பிறகு விசையால் முடுக்கம் என்கிறோம். ஓரிடத்தில் அளந்ததை வேறோரிடத்தில் பயன்படுத்தி முன்கூட்டியே சொல்ல முடிந்தால் அந்தக் கருத்து வெறும் சொல் விளையாட்டன்று. பொறைத் துண்டு மணியை உட்காரக் கற்பிக்கும் என்று இன்று கண்டால், அதே பொறை நாளை அதைப் பேசாமலிருக்கவும் கற்பிக்கும் என்று எதிர்பார்க்கலாம். எதிர்பார்த்தது நடந்தால் போதும்.

நூலின் நடுவில், வேண்டாத பழக்கத்தை ஒழிக்க எட்டு வழிகளைப் பிரையர் வரிசைப்படுத்துகிறார். அறையைக் குப்பையாக்கும் நண்பன், சிடுசிடுக்கும் கணவன் என்று மனிதர்களுக்கும் இவ்வழிகளைப் பொருத்திக் காட்டுகிறார். எட்டுக்கும் எடுத்துக்காட்டாக அவர் சொல்பவற்றுள் ஒன்று, வீட்டு முற்றத்தில் இரவு முழுவதும் குரைக்கும் நாய். எனக்கு வேண்டியிருந்த பக்கம் அதுதான்.

முதல் வழி, நாயையே இல்லாமல் செய்வது. சுடுவதும் விற்பதும் இதில் அடங்கும். நூலின் தலைப்பு இதிலிருந்து பிறந்தது. எங்கள் தெருவில் இதற்குப் பெயர் எளாவூர். இரண்டாவது தண்டனை. மூன்றாவது, தொல்லை ஒன்றைக் கொடுத்து, குரைப்பு நின்றதும் தொல்லையை நிறுத்துவது. குரைக்கும்போது நாயின் கூண்டின்மேல் பலத்த வெளிச்சம் அடித்து, வாய் மூடியதும் விளக்கை அணைப்பது பிரையரின் உதாரணம். நான்காவது, கண்டுகொள்ளாமல் விடுவது. இது குரைப்புக்கு அநேகமாகப் பலிக்காது, ஏனெனில் குரைப்பு தனக்குத்தானே வலுவூட்டிக்கொள்கிறது என்று அவரே எச்சரிக்கிறார். ஐந்தாவது, குரைப்போடு சேர்ந்து செய்ய முடியாத வேறொரு செயலைக் கற்பிப்பது. படுத்த நாய் குரைப்பது அரிது, ஆகவே படுக்கக் கற்றுக்கொடுப்பது. ஆறாவது, ‘குரை’ என்று சொன்னால் குரைக்கப் பழக்கிவிட்டு, பிறகு அந்தச் சொல்லைச் சொல்லாமலேயே இருந்துவிடுவது. விளையாட்டுப் போலத் தோன்றினாலும் டால்பின்காரர்கள் இதை மெய்யாகவே செய்கிறார்கள். ஏழாவது, குரைக்காமல் இருக்கும் நேரத்துக்குப் பரிசு கொடுப்பது. எட்டாவது, குரைக்கும் தேவையையே போக்குவது. குரைக்கும் நாய் தனிமையிலோ அச்சத்திலோ சலிப்பிலோ இருக்கிறது. பகலில் ஓடவிட்டு, கவனித்து, இரவில் துணை கொடு அல்லது வீட்டுக்குள் விடு என்கிறார். எட்டில் இதுவே அன்பானது, பலனும் மிக்கது என்பது அவர் முடிவு.

இரண்டாவது வழியைப் பற்றி அவர் சொல்வதைப் படித்தபோது எதிர்வீட்டு அண்ணனே நினைவுக்கு வந்தார். தனியே கிடக்கும் நாய் குரைக்கிறது. எஜமானர் எழுந்து வருகிறார். அடிக்கத்தான் வருகிறார், ஆனால் வருகிறார். நாயின் கணக்கில் அடி சிறிது, எஜமானர் வந்தது பெரிது. அது மட்டுமன்று, எந்தக் குரைப்புக்கு அடி என்பதை நாய் அறிய வாய்ப்பில்லை. போர்வையை விலக்கி, விளக்கைப் போட்டு, குச்சியைத் தேடிக்கொண்டு அவர் வருவதற்குள் மணி குரைப்பதை நிறுத்திவிட்டு வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். அடி விழுவது வாலாட்டியதற்கு.

இந்த நேரக் கணக்கை நூல் வலியுறுத்துவது போல வேறு எதையும் வலியுறுத்துவதில்லை. பௌதிகம் படித்தவர்களுக்கு இது புதிதன்று. ஊஞ்சலைத் தள்ளும்போது பலம் முக்கியமன்று. அது திரும்பும் தறுவாயில் தள்ள வேண்டும். தவறிய கணத்தில் பலமாகத் தள்ளினால் ஆட்டம் குறையும். சின்னப் பொறைத் துண்டும் சரியான நொடியில் வந்தால் அப்படித்தான் வேலை செய்கிறது. 1999-இல் வந்த திருத்திய பதிப்பில், விசிலுக்குப் பதில் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் சிறு தகட்டுக் கருவியால் நாய்களைப் பழக்குவது பற்றித் தனி அத்தியாயமே சேர்த்திருக்கிறார். அழுத்திவிட்டால் சொடுக்கும் பால்பாயின்ட் பேனாவே எனக்குப் போதுமானதாயிருந்தது.

ஆனால் அந்த நொடிக் கணக்கில் முதலில் தவறியவனும் நான்தான். தவணை வாங்கிய முதல் மூன்று நாள், மணி குரைத்தபோதெல்லாம் மாடியிலிருந்து ஒரு பொறையை வீசினேன். தின்னும் நேரம் வாய் மூடியிருந்தது, எனக்கு மகிழ்ச்சி. நான்காம் நாள் அது என் மாடியைப் பார்த்துக் குரைத்தது! ஏழாவது வழியைச் செய்வதாக நினைத்துக்கொண்டு, குரைப்பதற்குக் கூலி கொடுத்திருக்கிறேன். அதன்பின் பொறை வீசுவதை நிறுத்தியதும் முன்னைவிடப் பலமாக இரண்டு நாள் குரைத்தது. கூலி நின்றதும் செயல் முதலில் பொங்கி, அப்புறமே அணையும் என்பது ஆய்வுக்கூடத்தில் நன்கு தெரிந்த விஷயம். அந்தப் பொங்கலில் மனம் தளர்ந்து ஒரு துண்டு போட்டிருந்தேனானால், பலமாகக் குரைத்தால்தான் கிடைக்கும் என்று கற்றிருக்கும். எப்போதோ ஒருமுறை கிடைக்கும் பரிசு, எப்போதும் கிடைக்கும் பரிசைவிடப் பழக்கத்தை ஆழமாக வேரூன்றச் செய்கிறது. லாட்டரிச் சீட்டை விடாமல் வாங்கியவர்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதன்பிறகுதான் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பத்து இரவுகள் மணி எப்போது குரைக்கிறது, எப்படிக் குரைக்கிறது என்று குறிக்கத் தொடங்கினேன். பிரையரின் நூலோடு எனக்குள்ள வழக்கு இங்கே ஆரம்பிக்கிறது.

குறிப்புகளில் இரண்டு விதக் குரைப்பு தெளிவாகத் தெரிந்தது. இரவு ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் பஸ் தெருமுனைக்கு வரும்போதும், விடியற்காலையில் காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் நடக்கும்போதும் எழுவது ஒன்று. தடித்த, கரகரத்த, இடைவெளியில்லாத குரைப்பு. மற்றது, அண்ணன் இரவு ஷிப்டுக்குப் போன நாட்களில், வீடு அடங்கியபின் கேட்பது. மெல்லிய, உயர்ந்த சுருதி. ஒன்று குரைத்து, நிறுத்தி, காத்திருந்து மறுபடி ஒன்று. என் காது பொய் சொல்லவில்லை என்பதற்கு ஆதாரம் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த சோஃபியா யின், பிரெண்டா மெக்கோவன் ஆகியோர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், அந்நியர் வருகைக்குக் குரைப்பது தாழ்ந்த சுருதியில் கரகரப்பாகவும், தனிமையில் குரைப்பது உயர்ந்த சுருதியில் இசைத்தன்மையோடும் இருப்பதை ஒலிப்பதிவுகளை அளந்து காட்டினார்கள். மறு ஆண்டு ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள், நாயைக் காணாமல் ஒலிப்பதிவை மட்டும் கேட்ட மனிதர்களே எந்தச் சூழ்நிலைக் குரைப்பு என்று ஓரளவு சரியாகச் சொல்லிவிடுவதை நிறுவினர்.

பிரையர் ‘குரைப்பு’ என்று ஒரே பெயரில் எழுதிவிட்டார். 1984-இல் இந்த அளவீடுகள் இல்லை என்பதால் அதைப் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். தனிமை, அச்சம், சலிப்பு என்று மூன்று காரணம் சொன்னாரே, நான்காவது எங்கே? தன் வேலையில் வெற்றி பெற்றுக்கொண்டிருப்பதாக நினைக்கும் நாயும் குரைக்கும். பஸ் வருகிறது, மணி குரைக்கிறது, பஸ் போய்விடுகிறது. ஆள் நடந்து வருகிறான், மணி குரைக்கிறது, ஆள் கடந்து போகிறான். பஸ் போவது ஓட்டுநர் கியர் போட்டதால். ஆனால் மணிக்கு அது எப்படித் தெரியும்? அதன் அனுபவத்தில் குரைத்தபோதெல்லாம் எதிரி ஓடியிருக்கிறான். மேல்நாடுகளில் தபால்காரரைப் பார்த்து நாய்கள் குரைப்பதற்கும் இதே விளக்கம் சொல்வார்கள். அங்கே தபால்காரர் நாளுக்கு ஒருமுறை வருகிறார். எங்கள் தெருவில் மூன்று ஷிப்டுக்கும் ‘தபால்காரர்கள்’ வந்துகொண்டே இருக்கிறார்கள். வெற்றிமேல் வெற்றி!

இது பிரையரின் மூன்றாவது வழியேதான், தலைகீழாக. தொல்லை இருக்கிறது, செயலைச் செய்ததும் தொல்லை விலகுகிறது, ஆகவே செயல் வலுப்படுகிறது. குரைப்பு தானே வலுவூட்டிக்கொள்ளும் என்று எழுதியபோது அவர் இந்த வாசல் வரை வந்துவிட்டார். கூலி எங்கிருந்து வருகிறது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் உள்ளே போயிருப்பார். அவர் கேட்காததற்குக் காரணம் டால்பின் குளம் என்பது என் ஊகம். குளத்தில் மீன் வாளி பயிற்சியாளர் கையில் மட்டுமே இருக்கிறது. தெருவில் வாளி ஒருவர் கையில் இல்லை. பஸ்ஸும் கொடுக்கிறது, பூனையும் கொடுக்கிறது, மாடியிலிருக்கும் கல்லூரி ஆசிரியரும் கொடுக்கிறார். அடுத்த தெரு நாய் பதில் குரல் கொடுப்பதும் சேர்ந்துகொள்கிறது. நூலில் வரும் முற்றத்தில் ஒரே ஒரு நாய்தான். நம் ஊர்களில் ஒன்று தொடங்கினால் ஏரிக்கரை வரை போய்த் திரும்பி வரும்.

இன்னொன்றும் உண்டு. ஸ்கின்னரிடம் பயின்ற கெல்லர் பிரீலண்ட், மரியன் பிரீலண்ட் என்ற தம்பதியர், பல இன விலங்குகளைப் பரிசு முறையில் பழக்கியவர்கள். 1961-இல் அவர்கள் எழுதிய கட்டுரை, பரிசு எவ்வளவு கொடுத்தாலும் விலங்கு சில சமயம் தன் பிறவிக்குணத்துக்கு நழுவிவிடுவதைக் காட்டியது. உண்டியலில் காசு போடப் பழக்கிய பன்றி காசை மூக்கால் மண்ணில் உருட்டியது. ரக்கூன் காசைப் போடாமல் தேய்த்துக் கழுவுவது போல் வைத்துக்கொண்டு நின்றது. அந்நியரைக் கண்டு குரல் கொடுப்பதற்காகவே நாயை மனிதன் தலைமுறை தலைமுறையாக வைத்துக்கொண்டிருக்கிறான். அப்படிப்பட்ட செயலை அறையைப் பெருக்காத நண்பனின் சோம்பலோடு ஒரே தட்டில் வைத்து எட்டு வழியும் எதற்கும் பொருந்தும் என்ற தோற்றம் தருவது நூலின் பலவீனம். வரிசையின் அழகு ஆசிரியரையே மயக்கிவிட்டது போலும்.

மூன்றாவது வழியைச் சொல்லும்போது, இன்று கடைகளில் விற்கும் மீயொலிக் கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நாய் குரைத்தால் மனிதக் காதுக்குக் கேளாத ஒலியை எழுப்பி அதை அடக்குவதாக விளம்பரம் செய்கிறார்கள். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை; நாயின் காது ஏறத்தாழ 45,000 வரை. இதுவரை உண்மை. ஆனால் 25,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. தூணும் கதவும் அதற்கு நிழல் விழச்செய்யும். குரைப்பின் அலைநீளமோ முழக்கணக்கு. சுற்றுச்சுவரை வளைந்து தாண்டி வந்துவிடும். தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறைவது எல்லா ஒலிக்கும் பொது. மீயொலியைக் காற்றும் உறிஞ்சுகிறது. மீட்டருக்கு அரை டெசிபலுக்குமேல் போய்விடும். தெருவுக்கு அப்பாலிருந்து இயக்கினால் நாயை எட்டுவது சொற்பம். எட்டினாலும், பக்கத்து வீட்டு நாய் குரைத்தாலும் ஆலைச் சங்கு ஊதினாலும் அதே கருவி அதே ஒலியை எழுப்பும். எதற்குத் தொல்லை என்று நாய்க்கு எப்படிப் புரியும்? மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை இதைவிட மோசம். வழிப்போக்கன் வரும்போதெல்லாம் கழுத்தில் வலி என்றால், நாய் வழிப்போக்கனையே வலிக்குக் காரணமாகக் கொள்ளும். குரைத்த நாய் கடிக்கத் தொடங்கும். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் அந்தப் பட்டையை 2010-இலேயே தடை செய்துவிட்டார்கள்.

இனி மணிக்கு என்ன செய்தோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தனிமைக் குரைப்புக்குப் பிரையரின் எட்டாவது வழி அப்படியே பலித்தது. மாலையில் அண்ணனின் மகன் மணியை ஏரிக்கரை வரை ஓட்டிச் சென்றான். சங்கிலியை வாயிலிலிருந்து எடுத்து, பாட்டி படுக்கும் பின்தாழ்வாரத்தில் நீளமான கயிறாகக் கட்டினோம். ‘வீட்டுக்குள் விடு’ என்று நூல் சொல்வதைப் பாட்டி ஏற்கவில்லை; தாழ்வாரம் வரை ஒப்புக்கொண்டாள். இரண்டு வாரத்தில் அந்த மெல்லிய குரைப்பு ஏறக்குறைய நின்றுவிட்டது. (இதைச் செய்வது தயவு மட்டுமன்று, சட்டமும்கூட. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, வழக்கமாகக் கட்டிப்போட்ட நாய்க்கு நடமாட்டம் தராமலிருப்பதையும், மிகக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டுவதையும் குற்றமாகச் சொல்கிறது. அண்ணனுக்கு இது செய்தியாக இருந்தது, எனக்கும் அப்படித்தான்.)

பஸ் குரைப்பு அவ்வளவு எளிதில் பணியவில்லை. கூலி பஸ்ஸிடமிருந்து வருவதால், பஸ்ஸை மறைக்க வேண்டும். வாயிற்கம்பிக் கதவுக்குக் கீற்றுத் தட்டி கட்டினோம். கண்ணில் படாத எதிரியை விரட்டிய மகிழ்ச்சி குறைவுதானே. பஸ் வரும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே பையன் அதனருகில் உட்கார்ந்து, பேனாவைச் சொடுக்கி, படுத்திருந்தால் பொறைத் துண்டு கொடுத்தான். ஐந்தாவது, ஏழாவது வழிகளின் கலவை. இதிலும் ஒரு தடை. அண்ணன் ‘சும்மா இரு’ என்பார். பாட்டி தெலுங்கில் ‘ஊருகோ’ என்பாள். பையன் ‘ஸ்டாப்’ என்பான். ஆந்திர எல்லையோரத்தில் இது சகஜம். ஆனால் நாய்க்கு மூன்றும் மூன்று வேறு ஓசைகள். எந்தச் சொல்லை வைப்பது என்று வீட்டில் ஒரு வாரம் விவாதம் நடந்தது. இரவில் அருகிலிருப்பவள் பாட்டி என்பதால் தெலுங்கு வென்றது.

ஒரு மாதத் தவணை இரண்டரை மாதமாயிற்று. குரைப்பு முழுவதும் ஒழியவில்லை. ஒழிய வேண்டும் என்று அண்ணனும் விரும்பவில்லை: “ரெண்டு குரைப்பு இருக்கட்டும் சார், காவலுக்குத்தானே வளர்க்கிறோம்.” நூலின் எடுத்துக்காட்டில் குரைப்பு வேண்டும் அல்லது வேண்டாம் என்ற இரண்டே நிலைதான். நம்மில் பெரும்பாலோருக்குத் தேவை, அளவாகக் குரைக்கும் நாய்.

அளவு என்றதும், சட்டத்தின் அளவுகோலையும் பார்த்துவிடுவோம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு 45 டெசிபல், தொழிற்பகுதியில் 70. ஒரு மீட்டரில் 90 டெசிபல் உள்ள குரைப்பு பத்து மீட்டர் தள்ளி எதிர்வீட்டு ஜன்னலில் 70 ஆக இருக்கும். ஆனால் விதி கேட்பது சராசரியை. இரண்டு நொடிக்கு ஒருமுறை, நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் குரைத்தால் சராசரி 10 டெசிபல் இறங்கி 60. மணிக்கு ஆறு நிமிடமே குரைத்தால் இன்னொரு 10 இறங்கி 50. காகிதத்தில் வரம்பைச் சற்றே மீறிய ஒலி அது. ஆனால் உறங்குகிறவனை எழுப்புவது சராசரி அன்று, முதல் குரைப்பு. மாடித் தம்பிகளின் குறையை எந்த மீட்டரும் பதிவு செய்திருக்காது.

நூலைப் பற்றி இன்னும் ஒரு குறை. மாணவர்களுக்குப் படிக்கச் சொல்வதானால், எட்டு வழிகளின் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன். பட்டியல் கவர்ச்சியானது, அதை மட்டும் படித்தவன் நான் மாடியிலிருந்து பொறை வீசியதைப் போலத்தான் வீசுவான். வலுவூட்டலைப் பற்றிய முதல் அத்தியாயத்தைப் பொறுமையாகப் படித்து, பரிசு எந்த நொடியில் எதற்காகப் போகிறது என்பதை ஒரு வாரம் தன் வீட்டிலேயே கவனித்துவிட்டு, பிறகு பட்டியலுக்குப் போவது நல்லது. நாய் இல்லாதவர்கள் வகுப்பறையைக் கவனிக்கலாம். ‘சைலன்ஸ்’ என்று நான் கத்தும்போதெல்லாம் ஒரு நிமிடம் அடங்கி மறுபடி எழும் என் பின்வரிசையில், யார் யாரைப் பழக்குகிறார்கள் என்ற சந்தேகம் எனக்கு இப்போது வந்திருக்கிறது.

மணி எளாவூருக்குப் போகவில்லை. பத்து மணி பஸ்ஸுக்கு இப்போதும் இரண்டு முறை குரைக்கிறது. மூன்றாவது எழுந்தால் தாழ்வாரத்திலிருந்து ‘ஊருகோ’ கேட்கிறது. அதற்கும் சில நாள் அது கீழ்ப்படிவதில்லை.